ஒன்பதாம் வகுப்பில் எந்த மொழி?

கேள்வி: அக்கா, மகன் எட்டாம் வகுப்பு முடிக்கிறான். ஆகஸ்டில் ஹை ஸ்கூல். பாடம் தேர்ந்தெடுக்கும் ஃபார்ம் வீட்டுக்கு வந்திருக்கிறது. மொழிப்பாடத்தில் ஸ்பானிஷ், பிரெஞ்சு, மாண்டரின் (சீன மொழி), ஜப்பானிய மொழி என்று நான்கு. மாண்டரின் இருந்தால் காலேஜ் விண்ணப்பத்தில் எடுப்பாகத் தெரியும் என்கிறார் என் வீட்டுக்காரர். ஸ்பானிஷ் என்றால் சுலபமாக 'ஏ' வாங்கலாம் என்கிறார்கள் பக்கத்து வீட்டில். அவனோ ஜப்பானிய மொழிதான் வேண்டும் என்று ஒரே பிடியாக நிற்கிறான். பாடச்சுமை கூடுமே, ஏழு வருடமாகப் போகும் சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியை நிறுத்திவிடலாமா?
– ஒரு வாசகி, சான் ஹோசே, கலிபோர்னியா

பதில்: முதலில் தமிழ்ப் பள்ளியை நிறுத்தாதீர்கள் அம்மா. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் செய்த தவறிலிருந்து தொடங்குகிறேன். என் மகள் ஒன்பதாம் வகுப்புக்குப் போனபோது நாங்களும் இதே கணக்குதான் போட்டோம். அவளுக்கு விருப்பமே இல்லாமல் மாண்டரின் எடுக்க வைத்தோம். வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் சீன மொழி பேசுகிற பிள்ளைகள். இவளோ இரவு பத்து மணிக்குச் சமையலறை மேசையில் கட்டம் போட்ட நோட்டை விரித்து, 'நான்' என்ற ஒரே எழுத்தைப் பக்கம் முழுக்க எழுதுவாள். அந்த ஒரு எழுத்துக்கு ஏழு கோடு. எந்தக் கோடு முதலில், எது அடுத்து என்று வரிசையும் உண்டு. இரண்டு வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினாள். பதினொன்றாம் வகுப்பில் விட்டுவிட்டு ஸ்பானிஷ் முதல் நிலையில் போய் உட்கார்ந்தாள். இன்றைக்கு அவளுக்கு இருபத்து நான்கு வயது. இரண்டு மொழியிலும் நாலு வாக்கியம் சேர்ந்தாற்போல் வராது. அந்த நான்கு வருடத்தையும் நான்தான் வீணாக்கினேன் என்ற வருத்தம் எனக்கு இன்னும் இருக்கிறது.

கல்லூரிகள் கேட்பது என்னவென்று பாருங்கள். கலிபோர்னியாவின் இரண்டு அரசுப் பல்கலைக்கழக அமைப்புகளான யூசி, சிஎஸ்யூ கல்லூரிகளுக்கு ஒரே மொழியில் இரண்டு வருடம் கட்டாயம். குறைந்தது 'சி' வாங்கியிருக்க வேண்டும். மூன்று வருடம் படித்தால் நல்லது என்கிறது யூசி. எம்ஐடி இரண்டு வருடத்தையும், ஸ்டான்ஃபோர்டு மூன்று அல்லது அதற்கு மேலும், ஹார்வர்டு நான்கையும் பரிந்துரைக்கின்றன. எல்லாரும் வருடத்தைத்தான் எண்ணுகிறார்கள், இந்த மொழிக்கு மதிப்பு அதிகம் என்று யாரும் பட்டியல் போடவில்லை. ஆகவே மகன் எந்த மொழியில் நான்காம் வருடம் வரை நிற்பான் என்பதுதான் நீங்கள் யோசிக்க வேண்டியது.

மகன் ஜப்பானிய மொழி கேட்கிறான் என்றால், அதில் அவனுக்கு ஒரு நல்ல பிடிமானம் ஏற்கெனவே இருக்கிறது. 'நான் நேற்று கடையில் அரிசியை வாங்கினேன்' என்று ஒரு வாக்கியத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஜப்பானிய மொழியில் 'வத்தாஷி வா கினோ மிசே தே கொமே ஓ கத்தா'. வத்தாஷி நான், கினோ நேற்று, மிசே கடை, கொமே அரிசி, கத்தா வாங்கினேன். அதே வரிசை! நம் 'இல்' நிற்கும் இடத்தில் 'தே', 'ஐ' நிற்கும் இடத்தில் 'ஓ'. வினை கடைசியில். ஆங்கிலம் மட்டும் தெரிந்த பிள்ளைகள் வாக்கியத்தையே தலைகீழாகத் திருப்பிப் போட வேண்டியிருக்கும். உங்கள் மகன் வீட்டில் பேசுவது போலவே அடுக்கிக்கொண்டு போகலாம். என் தமிழ் வகுப்பில் படித்த ஒரு பையன் இதைத் தானாகக் கண்டுபிடித்து, சனிக்கிழமை காலை ஓடி வந்து என்னிடம் சொன்னான். அன்றைக்கு நான் வேற்றுமை உருபு நடத்திக்கொண்டிருந்தேன். பாடத்தை அப்படியே நிறுத்திவிட்டு அவனைப் பலகையில் எழுதச் சொன்னேன்.

ஆனால் எழுத்து சுலபமில்லை. ஹிராகனா, கத்தகானா, அதற்கு மேல் சீனத்திலிருந்து வந்த காஞ்சி எழுத்துகள் நூற்றுக்கணக்கில். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு மொழி கற்றுத்தரும்போது ஜப்பானிய மொழிக்கும் மாண்டரினுக்கும் 2,200 வகுப்பு மணி ஒதுக்குகிறது. ஸ்பானிஷுக்கு அதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு போதும். (தமிழுக்கு 1,100!) இதை அவனிடம் மறைக்காமல் சொல்லுங்கள். கேட்ட பிறகும் வேண்டும் என்றால் ஃபார்மில் அதையே டிக் செய்யுங்கள். கையெழுத்துப் போடும் முன், அந்தப் பள்ளியில் நான்காம் நிலை அல்லது ஏபி (பள்ளியிலேயே நடக்கும் கல்லூரித் தரப் பாடம்) வரை உண்மையிலேயே நடக்கிறதா என்று பள்ளியின் பாட ஆலோசகரான கவுன்சிலரிடம் கேளுங்கள். ஆள் சேரவில்லை என்று மேல்நிலை வகுப்பை ரத்து செய்துவிடும் பள்ளிகள் உண்டு.

ஸ்பானிஷை 'சுலபம்' என்று தள்ளிவிடவும் மனசு வரவில்லை. அங்கேயும் நம் பிள்ளைகளுக்குக் கை கொடுக்கத் தமிழ் இருக்கிறது. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். யார் பேசுவது என்பது வினையின் வாலிலேயே தெரிந்துவிடும். 'மெ குஸ்தா' என்பது நம் 'எனக்குப் பிடிக்கும்' மாதிரியே. அப்புறம், கலிபோர்னியாவில் அந்த மொழி தெருவில் இறங்கினாலே காதில் விழுகிறது. ஒருமுறை மருந்துக் கடை வரிசையில் முன்னால் நின்ற பாட்டிக்கு மாத்திரையை எப்போது போடுவது என்று புரியவில்லை. என் சின்னவன், பதினாறு வயது, 'தெஸ்புவெஸ் தெ கொமெர்', சாப்பிட்ட பிறகு என்று மெதுவாகச் சொன்னான். பாட்டி அவன் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

யூசிக்கு ஜிபிஏ, அதாவது மதிப்பெண் சராசரி, கணக்கிடும்போது பத்து, பதினொன்றாம் வகுப்பு மதிப்பெண்ணைத்தான் எடுப்பார்கள். ஒன்பதாம் வகுப்புப் பாடம் கட்டாயக் கணக்கில் சேரும், ஜிபிஏவில் சேராது. முதல் வருடம் ஒரு 'பி' வந்துவிடுமோ என்று பயந்து அவனுக்குப் பிடித்த மொழியைத் தடுக்க வேண்டாம்.

இப்போது தமிழ்ப் பள்ளி. கலிபோர்னியாவில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் டிப்ளமாவில் இருமொழித் திறனுக்காக ஒரு முத்திரை ஒட்டுகிறார்கள், சீல் ஆஃப் பைலிட்டரசி என்று பெயர். 2011-இல் சட்டம் வந்தது. தமிழிலும் அதைப் பெறலாம். எழுத்தும் பேச்சும் சோதிக்கும் அவாண்ட் ஸ்டாம்ப் தேர்வு தமிழுக்கு இருக்கிறது. சில ஸ்கூல் டிஸ்ட்ரிக்ட்டுகள் வாரயிறுதித் தமிழ்ப் படிப்புக்கு ஹை ஸ்கூல் கிரெடிட்டே தருகின்றன. உங்கள் டிஸ்ட்ரிக்ட் தருகிறதா என்று தமிழ்ப் பள்ளி நிர்வாகிகளுக்குத் தெரிந்திருக்கும், இந்தச் சனிக்கிழமையே கேளுங்கள். ஏழு வருடம் அவனும் நீங்களும் உழைத்தது சும்மா போய்விடக் கூடாது அம்மா.

கேள்வி: மகள் பத்தாம் வகுப்பில் ஸ்பானிஷ் மூன்றாம் நிலை முடிக்கிறாள். அடுத்த வருடம் ஸ்பானிஷை விட்டுவிட்டு ஏபி கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுக்க ஆசைப்படுகிறாள். விடலாமா?
– ஒரு வாசகர், ஆஸ்டின், டெக்சாஸ்

பதில்: இன்ஜினியரிங் பக்கம் போகிறாள் என்றால் விடலாம் சார், மூன்று நிலை முடித்ததே நல்ல கணக்கு. வரலாறு, அரசியல், இலக்கியம் என்று மனசு இருந்தால் விட வேண்டாம். ஏபி ஸ்பானிஷில் நல்ல மதிப்பெண் வந்தால் பல கல்லூரிகளில் மொழிப்பாடத்திலிருந்து விலக்கும் கிடைக்கும். அவள் விண்ணப்பிக்க நினைக்கும் கல்லூரிகளின் தளங்களை இருவரும் ஒரு நாள் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள்.

கேள்வி: ஏபியில் தமிழ் இருக்கிறதா?
– ஒரு வாசகி, நியூ ஜெர்சி

பதில்: இல்லை. ஸ்பானிஷ், பிரெஞ்சு, ஜெர்மன், இத்தாலியன், லத்தீன், சீனம், ஜப்பானியம் ஆகியவை மட்டும்தான். இந்தியும் கிடையாது. நான் மேலே சொன்ன முத்திரை நியூ ஜெர்சியிலும் இருக்கிறது, மகளின் பள்ளியில் விசாரியுங்கள்.