பிரெத்தோன் என்றால் சாயம் பூசியவரா?

அன்புள்ள ஐயா,

பிரான்சின் வடமேற்கில், பிரெத்தோன் மக்களின் பிரெத்தாஞ் பகுதியில் இருக்கும் ரென் நகரில் மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்துவிட்டு இப்போதுதான் பாண்டிச்சேரி திரும்பினேன். அங்கே கார்களின் பின்னால் 'பி.இசட்.எச்' என்று ஒட்டியிருக்கிறார்கள். பிரெத்தோன் மொழியில் அந்தப் பகுதியின் பெயரான 'பிரெய்ஸ்' என்பதன் சுருக்கம் என்றார் மருமகன். பிரெத்தோன் என்றால் 'உடம்பில் சாயம் பூசியவர்' என்று பொருளாமே? அந்த மண்ணின் பூர்வகுடிகள் அப்படித்தான் இருந்தார்களா?

ஒரு வாசகி

அன்புள்ள அம்மா,

ரோமானியர் வந்தபோது அந்த மண்ணில் இருந்தவர்களுக்கு பிரெத்தோன் என்ற பெயரே கிடையாது. தெற்குக் கரையில் வெனெத்தி, மேற்கு முனையில் ஒசிஸ்மி என்று தனித்தனிக் குடிகள். அந்தக் கடற்கரைக் குடிகளுக்கெல்லாம் பொதுப்பெயர் அர்மோரிக்கர். அன்றைய பிரான்சில் பேசிய பழைய கோல் மொழியில் 'அரே' என்றால் பக்கம், 'மோரி' என்றால் கடல். கடலோரத்தார். அந்தச் சொல் இன்னும் சாகவில்லை என்பது எனக்குப் பெரிய சந்தோஷம். பிரெத்தோன் மொழியில் இன்றும் கடல் 'மோர்'தான். மோர்பிஹான் மாவட்டத்தின் பெயருக்குச் 'சின்னக் கடல்' என்று பொருள்.

பிரெத்தோன் என்ற பெயர் கடல் கடந்து வந்தது. 5, 6ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டனிலிருந்து வந்து குடியேறியவர்கள் மொழியோடு பெயரையும் கொண்டுவந்தார்கள்.

சரி, அதன் பொருள். கி.மு. 4ஆம் நூற்றாண்டில் இன்றைய மர்சேய் நகரத்துக் கிரேக்கரான பித்தியாஸ் பிரிட்டன் தீவுக்குப் போய்வந்தார். கிரேக்க நூல்களில் அந்தத் தீவின் பெயருடைய பழைய வடிவம் 'பிரெத்தானிக்கே'. நம் எழுத்தில் வித்தியாசம் தெரியாது என்பதால் சொல்கிறேன்: 'பழம்' என்பதில் வரும் ப அது. லத்தீனில்தான் 'அம்பு' என்பதில் வரும் ப ஆனது.

பழைய பிரிட்டன் மொழியின் வழிவந்த வேல்ஸ் மொழியில் 'பிரிட்' என்றால் உரு, தோற்றம். அங்கே ப வரும் இடத்தில் ஐரிஷில் க வருவது வழக்கம்: தலைக்கு வேல்ஸில் 'பென்', ஐரிஷில் 'கியன்'; ஐந்துக்கு 'பிம்ப்', 'கூய்க்'. அதே கணக்கில் உருவுக்குப் பழைய ஐரிஷ் சொல் 'க்ருத்'. பழைய ஐரிஷ் நூல்கள் வட பிரிட்டனின் பிக்த் மக்களை 'க்ருத்னி' என்கின்றன. பிரெத்தானி, க்ருத்னி இரண்டும் ஒரே பெயர்தான். பெயருக்குள் இருப்பது உரு, சாயம் இல்லை.

அப்புறம் சாயம் எங்கிருந்து வந்தது? ஜூலியஸ் சீசரிடமிருந்து. பிரிட்டானியர் எல்லோரும் 'விட்ரம்' பூசிக்கொள்வார்கள், உடம்பு நீலமாகிவிடும், போரில் பார்க்கப் பயங்கரமாக இருப்பார்கள் என்று எழுதினார். அது வோட் என்ற செடி என்பார்கள். நம் அவுரியில் இருக்கும் அதே நீலம்தான் அதிலும் இருக்கிறது. பெயரில் உரு, சீசரிடம் நீலம். இரண்டையும் சேர்த்து 'உருவம் தீட்டிக்கொண்டவர்கள்' என்று பின்னால் வந்த அறிஞர்கள் ஊகித்தார்கள். இருக்கலாம். ஆனால் 'உருவுடையோர்' என்பது வரைக்கும்தான் சொல்லே நம்மைக் கொண்டுபோகிறது. நான் அங்கேயே நின்றுகொள்வேன். மருமகனிடமும் அப்படியே சொல்லுங்கள்.