மைதானம் யாருடையது என்று பாருங்கள்

கேள்வி: நாங்கள் டாலஸில் இருக்கிறோம். மகள் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவளால் எங்களுக்கும் காலேஜ் ஃபுட்பால் (அமெரிக்கன் ஃபுட்பால்தான்) பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு சனிக்கிழமை ஃபாக்ஸில் வருகிறது, அடுத்த வாரம் என்பிசி, திடீரென்று என்பிசியின் ஸ்ட்ரீமிங் ஆப்பான பீகாக்கில் மட்டும் என்கிறார்கள். எதற்குத்தான் பணம் கட்டுவது?

பதில்: சேனலைத் தேடாதீர்கள். ஆட்டம் யாருடைய மைதானத்தில் என்று பாருங்கள். பொதுவாக ஒளிபரப்பு உரிமை, சொந்த மண்ணில் ஆடும் அணியின் கான்ஃபரன்ஸுக்குத்தான், அதாவது அந்த அணி சேர்ந்திருக்கும் பல்கலைக்கழகக் கூட்டமைப்புக்குத்தான். 2024இல் டெக்சாஸ் அணி மிச்சிகனின் ஊரான ஆன் ஆர்பருக்கு வந்தது; மிச்சிகன் இருப்பது பிக் டென் என்ற கான்ஃபரன்ஸில், அதனால் ஃபாக்ஸில் வந்தது. 2025இல் மிச்சிகன் ஓக்லஹோமாவுக்குப் போனது. அது எஸ்இசி என்ற வேறொரு கான்ஃபரன்ஸின் அணி, ஆகவே ஏபிசி.

இதில் ஓக்லஹோமாவுக்கு ஒரு பழைய பங்கும் உண்டு. ஒரு காலத்தில் எந்த ஆட்டம் டிவியில் வரலாம் என்பதை, கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் தேசிய அமைப்பான என்சிஏஏ மட்டுமே தீர்மானித்தது. ஓக்லஹோமா, ஜார்ஜியா பல்கலைக்கழகங்கள் வழக்குப் போட்டன. 1984இல் உச்ச நீதிமன்றம் அந்தப் பிடியை உடைத்தது. அதன் பிறகுதான் கான்ஃபரன்ஸுகள் தாங்களே விற்கத் தொடங்கின. ஃபுட்பாலில் எந்தக் கான்ஃபரன்ஸிலும் சேராத நோட்ர டாம் பல்கலைக்கழகம் தனியாகவே பேரம் பேசி 1991 முதல் என்பிசியோடு இருக்கிறது. உங்கள் குழப்பத்துக்கு விதை அந்தத் தீர்ப்பில்தான் விழுந்தது.

பிக் டென் 2023 முதல் தன் ஆட்டங்களை ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி மூன்றுக்கும் பிரித்துக் கொடுத்திருக்கிறது. பெரும்பாலும் டாலஸ் நேரத்துக்குக் காலை 11 மணி ஃபாக்ஸ், மதியம் 2.30 சிபிஎஸ், மாலை 6.30 என்பிசி. யாருக்கு எந்த ஆட்டம் என்பதைச் சேனல்கள் முறை வைத்துத் தேர்ந்தெடுக்கும். பல ஆட்டங்களுக்கு 12 நாள், சில சமயம் 6 நாள் முன்புதான் நேரமே தெரியும். சீசன் தொடக்கத்திலேயே முழு அட்டவணை கேட்டால் யாராலும் தர முடியாது.

சரி, பணத்துக்கு வருவோம். முதலில் ஒரு ஆன்டெனா வாங்குங்கள். ஃபாக்ஸ், சிபிஎஸ், என்பிசி, ஏபிசி நான்கும் காற்றில் இலவசமாக வருகின்றன. இதை மறந்துவிட்டு மாதாமாதம் பெரிய கேபிள் பில் கட்டுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். மிச்சிகன் போன்ற பெரிய அணியின் முக்கிய ஆட்டங்களில் பெரும்பகுதி இதிலேயே முடிந்துவிடும்.

பிக் டென் நெட்வொர்க் என்ற கேபிள் சேனலில் வரும் ஆட்டத்துக்கு ஃபாக்ஸின் ஸ்ட்ரீமிங் சேவையான ஃபாக்ஸ் ஒன் போதும். 2025 ஆகஸ்டில் மாதம் 19.99 டாலரில் தொடங்கினார்கள். பீகாக்கில் மட்டும் வரும் ஆட்டத்துக்கு ஒரு மாதச் சந்தா எடுத்துவிட்டு, அன்றே ரத்துக்கும் சொல்லிவிடுங்கள். மாதம் முடியும்வரை ஓடும். வருடச் சந்தா வேண்டாம்.

மகளின் தோழிகள் யாராவது டென்னிஸோ வாலிபாலோ ஆடினால் பி1ஜி பிளஸ் என்று பிக் டென்னின் ஸ்ட்ரீமிங் சேவை ஒன்று இருக்கிறது. டிவியில் வராத ஆட்டங்களுக்கானது அது. பெயரைப் பார்த்து ஃபுட்பாலும் வரும் என்று வாங்கி ஏமாறாதீர்கள்.

டிசம்பரில் சாம்பியனைத் தீர்மானிக்கும் பிளேஆஃப் சுற்று தொடங்கினால் மட்டும் மைதானக் கணக்கு செல்லாது. ஆன் ஆர்பரிலேயே நடந்தாலும் அந்த உரிமை இஎஸ்பிஎன் என்ற விளையாட்டுச் சேனலின் கையில். சில ஆட்டங்களை அவர்கள் டிஎன்டி என்ற கேபிள் சேனலுக்குக் கொடுத்திருக்கிறார்கள்.