மச்சானுக்கும் எனக்கும் பங்குத் தகராறு

கேள்வி: படகும் எஞ்சினும் மனைவியின் அண்ணனுடையவை. கடலுக்குப் போவது நான். மண்ணெண்ணெய், ஐஸ் செலவு போக மாதம் 120,000 ரூபா மிஞ்சுகிறது. நான் பாதிக்குப் பாதி கேட்கிறேன், மச்சான் 45,000 தருவதாகச் சொல்கிறார். படகுப் பங்கு 66,000க்குக் குறையக் கூடாது என்கிறார் மாமா. எது நியாயம்?
– வாசகர், பாலமீன்மடு

பதில்: தம்பி, கடிதத்தின் ஓரத்தில் நெருக்கி ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, சேராவிட்டால் நீங்கள் வேறு படகில் 30,000 உழைப்பீர்கள், மச்சான் படகை வாடகைக்கு விட்டு 50,000 எடுப்பார் என்று. கணக்கு அங்கேதான் தொடங்குகிறது. சேர்ந்ததால் கூடி வந்தது 40,000 மட்டும். பங்கு போட வேண்டியது அதைத்தான்.

அமெரிக்கக் கணித அறிஞர் ஜோன் நாஷ் 1950இல், 21 வயதில் எழுதிய பேரக் கணக்கு இது: பேச்சு முறிந்தால் கிடைப்பதைவிட ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கூடக் கிடைக்கிறது என்று பார்த்து, இரண்டையும் பெருக்க வேண்டும். பெருக்கம் ஆகப் பெரிதாக வரும் இடமே தீர்வு. ஆயிரத்தில் பார்ப்போம். நீங்கள் கேட்கும் 60–60இல் உங்களுக்கு 30 கூட, அவருக்கு 10, பெருக்கினால் 300. மச்சானின் 45–75இல் 15, 25, 375. 50–70இல் 20, 20, 400. இதற்கு மேல் ஏறாது. கோபிக்க வேண்டாம், மச்சான்தான் உங்களைவிடக் கிட்ட நிற்கிறார்.

மாமாவின் பேச்சுப்படி உங்கள் பங்கு 54,000ஐத் தாண்டாது. 50,000 அதற்குள் அடங்குவதால் நாஷ் அந்த எல்லையைக் கணக்கெடுக்க மாட்டார். 1975இல் கலாய், ஸ்மோரோடின்ஸ்கி என்ற இரு ஆய்வாளர்கள் சொன்ன வழி வேறு: ஒவ்வொருவரும் ஆகக் கூடினால் எவ்வளவு கூட எடுக்கலாமோ, அந்த விகிதத்தில் பிரிக்க வேண்டும். உங்களுக்கு 54,000இல் 30,000 போக 24,000, எல்லை இல்லாத அவருக்குக் கூடி வந்த 40,000 முழுவதும், மூன்றுக்கு ஐந்து. பிரித்தால் மச்சானின் 45,000 அச்சொட்டாக வந்து நிற்கிறது! ஆனால் தகப்பன் போட்ட எல்லை மகனுக்கே லாபமாவது எனக்குச் சரியாகப் படவில்லை. 50,000 கேளுங்கள்.

வேறு படகில் 36,000க்கு உண்மையாகவே கூப்பிட்டால் அதையும் சொல்லுங்கள், உங்கள் பங்கு 53,000 ஆகும். பொய் சொல்ல வேண்டாம். யார் எந்தப் படகில் என்பது விடியமுன் கரையெல்லாம் தெரிந்துவிடும். வாடைக்கு முன்னமே கதைத்து முடியுங்கள். மார்கழியில் கடல் அடிக்கும்போது வேறு படகும் இறங்காது, உங்கள் 30,000 கரைந்துவிடும். அவருடைய வாடகையும் விழும்தான். ஆனால் அரிசிக்கு அவசரப்படுவது யார் வீடு?