மீலாது நபி கொண்டாடலாமா? முஸ்லிம்களுக்குள் இதில் ஏன் இவ்வளவு கருத்து வேறுபாடு?

நீங்கள் கேட்டது இது: நபிகள் நாயகம் (ஸல்) பிறந்த நாளைக் கொண்டாடுவது பித்அத் (மார்க்கத்தில் புதிதாகச் சேர்க்கப்பட்டது) என்று ஒரு சாரார் சொல்கிறார்கள், கொண்டாடாதவர்களுக்கு நபி மேல் அன்பே இல்லை என்று இன்னொரு சாரார் சொல்கிறார்கள், யார் சொல்வது சரி, அன்று நடக்கும் மஜ்லிஸுக்கு (கூட்டத்துக்கு) யாராவது அழைத்தால் போகலாமா?

என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த நாளை நான் பெருநாளாக எடுத்துக்கொள்வதில்லை. நபியவர்கள் நமக்குத் தந்தவை இரண்டு பெருநாட்கள்தான். மூன்றாவதாக ஒன்றைச் சேர்க்க எனக்கு மனம் வரவில்லை. அதே சமயம், அன்று ஒன்றுகூடி அவர்களுடைய வரலாற்றைப் பேசி, ஸலவாத் (நபிக்கான வாழ்த்துப் பிரார்த்தனை) சொல்லிவிட்டுக் கலைந்து போகிறவர்களை வழிகேடர்கள் என்று சொல்லவும் எனக்கு வாய் வராது. இது எப்படிப் பொருந்தும் என்று இரு பக்கத்து நண்பர்களும் என்னைக் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

ஒரு விஷயத்தில் சர்ச்சையே இல்லை. நபி (ஸல்) தம் பிறந்த நாளை ஆண்டு விழாவாக நடத்தவில்லை. அபூபக்கர், உமர், உஸ்மான், அலி (ரலி) ஆகியோரும் நடத்தவில்லை. நான்கு மத்ஹபுகளின் (சட்ட வழிமுறைகளின்) இமாம்களும் நடத்தவில்லை. மவ்லிதை, அதாவது இந்தப் பிறந்த நாள் விழாவை, ஆதரித்த பெரிய அறிஞர்களே இதை ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஸஹீஹுல் புகாரி என்ற ஹதீஸ் (நபிமொழி) தொகுப்புக்கு விரிவுரை எழுதிய இமாம் இப்னு ஹஜர் அல்அஸ்கலானி (மறைவு ஹிஜ்ரி 852, கி.பி. 1449), மவ்லிது அடிப்படையில் பித்அத்தான், முதல் மூன்று தலைமுறையினரில் யாரிடமிருந்தும் அது வரவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் அதற்கு ஆதரவான தம் வாதத்தையே தொடங்குகிறார். ஆகவே "ஸஹாபாக்களே (நபித்தோழர்களே) கொண்டாடினார்கள்" என்று யாராவது எதையாவது அனுப்பினால் நம்ப வேண்டாம். ஆதரவுத் தரப்பின் உண்மையான வாதம் அதுவல்ல.

வரலாற்றில் இது முதலில் தெளிவாகத் தென்படுவது ஷியா அரச வம்சமான ஃபாத்திமியர் ஆண்ட கெய்ரோவில், அரசவை நிகழ்ச்சியாக. சுன்னி உலகத்தில் இதைப் பெரிய மக்கள் விழாவாக ஆக்கியவர் என்று பெயர் பெற்றவர் இர்பில் நகரின் ஆட்சியாளர் முழஃப்பருத்தீன் கோக்பூரி. ஸுல்தான் ஸலாஹுத்தீன் அய்யூபியின் சகோதரியை மணந்தவர், 1233இல் மறைந்தார். அந்த ஊரிலேயே பிறந்த வரலாற்றாசிரியர் இப்னு கல்லிகான் அந்த விழாவை விரிவாகப் பதிந்திருக்கிறார். அதில் என்னை மிகவும் கவர்ந்த செய்தி ஒன்று உண்டு: பிறந்த தேதியில் கருத்து வேறுபாடு இருந்ததால் அந்த மன்னர் ஓர் ஆண்டு ரபீஉல் அவ்வல் 8லும், மறு ஆண்டு 12லும் விழா எடுத்தாராம். இன்று 12தான் பரவலாக அறியப்பட்ட தேதி. ஷியாக்கள் 17 என்கிறார்கள். சுன்னிகள் எல்லோரும் ஒத்துக்கொள்வது திங்கட்கிழமை என்பதை மட்டும்தான்.

"ஃபாத்திமியர் தொடங்கியது, அதனால் கூடாது" என்ற வாதம் எனக்குப் பலவீனமாகவே படுகிறது. நபியவர்கள் மதீனாவுக்கு வந்தபோது, மூஸா (அலை) காப்பாற்றப்பட்ட நாள் என்று யூதர்கள் ஆஷூரா நோன்பு வைத்திருந்தார்கள். அது அவர்களுடைய வழக்கம் என்று நபியவர்கள் தள்ளிவிடவில்லை. மூஸாவிடம் எங்களுக்கே அதிக உரிமை உண்டு என்று சொல்லித் தாமும் நோற்றார்கள். அல்லாஹ் அருள் செய்த நாள் திரும்பி வரும்போது நன்றி செலுத்தலாம் என்பதற்கு இப்னு ஹஜர் காட்டும் ஆதாரமும் இதே ஹதீஸ்தான். ஒரு காரியத்தை முதலில் யார் செய்தார் என்பதைவிட, அது மார்க்கத்தில் எந்த இடத்தில் வைக்கப்படுகிறது என்பதே கேள்வி.

இந்த விவாதத்தின் உயிர் ஸஹீஹ் முஸ்லிமில் அபூகதாதா (ரலி) அறிவிக்கும் ஹதீஸில் இருப்பதாக நான் நினைக்கிறேன். திங்கட்கிழமை நோன்பைப் பற்றிக் கேட்டபோது, அன்றுதான் நான் பிறந்தேன், அன்றுதான் எனக்கு வஹீ (இறைச்செய்தி) அருளப்பட்டது என்று நபியவர்கள் பதில் சொன்னார்கள். ஆதரிப்பவர்கள், "பாருங்கள், தாம் பிறந்த நாளுக்கு அவர்களே ஒரு மதிப்புக் கொடுத்திருக்கிறார்கள்" என்கிறார்கள். உண்மைதான். எதிர்ப்பவர்கள், "ஆமாம், மதிப்புக் கொடுத்தார்கள், எப்படிக் கொடுப்பது என்பதையும் அவர்களே காட்டிவிட்டார்கள். நோன்பு வைத்தார்கள், வாராவாரம் வைத்தார்கள். ஆண்டுக்கு ஒரு தேதியைக் குறிக்கவில்லை. பெருநாள் என்றால் அன்று நோன்பே கூடாதே!" என்கிறார்கள். இதுவும் உண்மைதான். ஒரே ஹதீஸ் இரண்டு தரப்புக்கும் ஆதாரமாக நிற்கிறது. பிறப்பை நினைத்து நன்றி செலுத்துவது அந்நியமான எண்ணமல்ல என்று அது சொல்கிறது. அந்த நன்றிக்கான வடிவத்தையும் சேர்த்தே சொல்கிறது. இதைப் படித்த பிறகு எனக்கு விழாவைவிடத் திங்கட்கிழமை நோன்பின் மேல்தான் ஆசை கூடியது.

எதிர்ப்புத் தரப்பின் வலுவான வாதம் இது: மார்க்கம் முழுமையாகிவிட்டது (குர்ஆன் 5:3). நம்முடைய இந்தக் காரியத்தில் இல்லாததை யார் புதிதாக உண்டாக்குகிறாரோ அது நிராகரிக்கப்படும் என்ற ஆயிஷா (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. நபியை நம்மைவிட ஆயிரம் மடங்கு நேசித்தவர்கள் ஸஹாபாக்கள். இதில் நன்மை இருந்திருந்தால் அவர்கள் முந்தியிருக்க மாட்டார்களா? உமர் (ரலி) காலத்தில் ஆண்டுக் கணக்கை எங்கிருந்து தொடங்குவது என்று முடிவு செய்தபோதுகூட அவர்கள் எடுத்துக்கொண்டது ஹிஜ்ரத்தை (நபி மதீனாவுக்குக் குடிபெயர்ந்ததை), பிறப்பை அல்ல. எனக்கு இது மிகவும் கனமான செய்தி.

ஆதரிப்பவர்களும் வெறுங்கையோடு நிற்கவில்லை. குர்ஆனை ஒரே தொகுப்பாகத் திரட்டுவோம் என்று உமர் சொன்னபோது, நபி செய்யாததை நான் எப்படிச் செய்வேன் என்று அபூபக்கர் முதலில் தயங்கினார்கள். பிறகு அதன் நன்மையை உணர்ந்து சம்மதித்தார்கள். தராவீஹை (ரமளான் இரவுத் தொழுகையை) ஒரே இமாமின் பின்னால் ஒழுங்குபடுத்திவிட்டு, இது நல்ல பித்அத் என்று உமர் சொன்னதும் புகாரியில் உள்ளது. இமாம் நவவியின் ஆசிரியர் அபூஷாமா, பித்அத்துகளைக் கண்டித்து ஒரு நூலே எழுதியவர். அந்த நூலில் அவர் மவ்லிதை மட்டும் தம் காலத்தின் நல்ல புதுமைகளில் ஒன்றாகப் பாராட்டுகிறார். தராவீஹை நபியவர்களே சில இரவுகள் ஜமாஅத்தாகத் தொழுதிருக்கிறார்கள், ஆகவே அதை உதாரணமாகக் கொள்ள முடியாது என்று எதிர்த்தரப்பு மறுக்கிறது. அந்த மறுப்பு எனக்குச் சரியாகவே தோன்றுகிறது. இதனால்தான் நான் அந்த நாளைப் பெருநாளாகக் கொள்ளவில்லை.

நபி மறைந்ததும் அதே மாதத்தில்தானே, எப்படி மகிழ்வது என்றும் கேட்பார்கள். மாலிகி அறிஞர் ஃபாகிஹானி எழுப்பிய கேள்வி இது. பிறப்புக்கு நன்றியாக அகீகா (குழந்தைக்காக ஆடு அறுப்பது) கொடுக்கச் சொன்ன மார்க்கம், இறப்புக்கு ஒப்பாரி வைப்பதைத் தடுத்திருக்கிறது என்று இமாம் ஸுயூத்தி பதில் எழுதினார். அழகான பதில்.

இனி இப்னு தைமிய்யாவைப் பாருங்கள். மவ்லிதை எதிர்ப்பவர்கள் அதிகம் மேற்கோள் காட்டும் இமாம் அவர்தான். பிறந்த நாளை விழாவாக்குவது பித்அத் என்று தெளிவாகவே எழுதியிருக்கிறார். ஆனால் அதே நூலில், நபி மீதுள்ள அன்பாலும் மரியாதையாலும் இதைச் செய்பவர்களுக்கு அந்த அன்புக்காகவும் முயற்சிக்காகவும் அல்லாஹ் கூலி கொடுக்கக்கூடும், பித்அத்துக்காக அல்ல என்றும் எழுதுகிறார். பித்அத் என்று சொல்லிவிட்டு ஆதரிக்கிறார் இப்னு ஹஜர். பித்அத் என்று சொல்லிவிட்டு, செய்பவர்களின் எண்ணத்தை மதிக்கிறார் இப்னு தைமிய்யா. இருவருக்கும் இடையே உள்ள தூரம், இன்று சண்டை போடுகிறவர்களுக்கு இடையே உள்ள தூரத்தைவிட எவ்வளவு குறைவு!

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இன்னும் நெருக்கமான உதாரணம் உண்டு. ஹாஜி இம்தாதுல்லாஹ் முஹாஜிர் மக்கீ மவ்லிது மஜ்லிஸ்களில் கலந்துகொண்டவர். அதில் எழுந்து நிற்கும் கியாமில் தமக்கு இன்பம் கிடைப்பதாகவும் எழுதியவர். அவரிடம் பைஅத் (குருவாக ஏற்று உறுதிமொழி) செய்த சீடர் ரஷீத் அஹ்மத் கங்கோஹி, தேவ்பந்த் அறிஞர்களில் முதல் வரிசையில் இருப்பவர். மவ்லிதைக் கடுமையாக எதிர்த்தவர். ஆசிரியரின் கருத்தைச் சீடர் ஏற்கவில்லை. அதற்காக அவரைக் குருவாக ஏற்பதை விடவும் இல்லை. எங்கள் வீட்டிலும் அத்தா மஜ்லிஸுக்குப் போவார், அண்ணன் போகமாட்டார். இருவரும் ஒரே ஸஃப்பில் நின்று தொழுகிறார்கள்.

என்னை வேதனைப்படுத்துவது இந்த விவாதத்தில் சர்வசாதாரணமாக வீசப்படும் இரண்டு குற்றச்சாட்டுகள். கொண்டாடாதவனுக்கு நபி மேல் அன்பில்லை என்பது ஒன்று. அப்படியானால் ஸஹாபாக்களை என்ன சொல்வீர்கள்? கொண்டாடுகிறவன் ஷிர்க் (அல்லாஹ்வுக்கு இணை வைத்தல்) செய்கிறான் என்பது இன்னொன்று. ஒரு நாளில் கூடி ஸீரா (நபியின் வரலாறு) பேசுவது எப்படி ஷிர்க் ஆகும்? நபியிடமே தேவைகளைக் கேட்டு அழைக்கும் வரிகள் ஓதப்பட்டால் அது தனிப் பிரச்சினை. ஆனால் அது எந்தத் தேதியிலும் பிரச்சினைதான். மர்யமின் மகனைக் கிறிஸ்தவர்கள் உயர்த்தியதைப் போல என்னை அளவுமீறி உயர்த்தாதீர்கள், அல்லாஹ்வின் அடியார் என்றும் அவனுடைய தூதர் என்றும் சொல்லுங்கள் என்று அவர்களே எச்சரித்திருக்கிறார்கள். ஆக, தேதியைப் பற்றிய விவாதம் வேறு, அங்கே என்ன ஓதப்படுகிறது என்ற விவாதம் வேறு. இரண்டையும் கலப்பதால்தான் பாதிச் சண்டை வருகிறது.

அரசுகளிடம் போய் விடை தேட வேண்டாம். முஸ்லிம்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளில் பெரும்பாலானவை அன்று விடுமுறை விடுகின்றன. சவூதி அரேபியாவும் கத்தாரும் விடுவதில்லை. அது அந்தந்த அரசுகள் எந்த உலமாக்களைப் பின்பற்றுகின்றன என்பதைத்தான் காட்டும்.

உங்களை அழைத்தால் போகலாமா? அழைப்பவரிடம் முதலில் என்ன நிகழ்ச்சி என்று கேளுங்கள். ஸீரா உரை, ஸலவாத், ஏழைகளுக்கு உணவு என்றால், அதைக் கட்டாய வணக்கமாகவோ பெருநாளாகவோ எண்ணாமல் போய்வருவதில் தவறில்லை என்பது என் கருத்து. நீங்கள் பின்பற்றும் ஆலிம் கூடாது என்று சொல்லியிருந்தால் போகாதீர்கள்; அன்போடு மறுத்துவிடுங்கள், அழைத்தவருக்கு பித்அத் பாடம் எடுக்காதீர்கள். அந்த மஜ்லிஸில் தொழுகை தவறினாலோ, வராதவர்களைத் திட்டிப் பேசினாலோ எழுந்து வந்துவிடுங்கள். போகாமல் வீட்டில் இருந்தாலும், அன்றைக்கு ஸலவாத் சொல்வதை யாரும் தடுக்கவில்லை.