30 கிலோமீட்டரில் கால் ஏன் நின்றுபோகிறது? ஓட்டக்காரர்களின் கேள்விகளுக்குப் பதில்

சார், மாரத்தானில் 30 கிலோமீட்டர் தாண்டியதும் கால் நகரவே மறுக்கிறது. உடம்பில் கொழுப்புக்கு ஒன்றும் பஞ்சம் இல்லையே?

கொழுப்பு இருக்கிறது, ஆனால் வேகமாக எரியாது. வேகமாக எரிவது கிளைகோஜன், அதாவது உடம்பு சேமித்து வைக்கும் சர்க்கரை. அது தசைகளில் சுமார் 400 கிராம், கல்லீரலில் சுமார் 100 கிராம் இருக்கும். மெதுவாக நடக்கும்போது பெரும்பாலும் கொழுப்புதான் செலவாகிறது. வேகம் கூடக் கூடத் தசை கிளைகோஜனில் கை வைக்கும். உங்களால் அதிகபட்சமாக எவ்வளவு ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடியுமோ, அதில் 65 சதவீதத்தை ஒட்டிய வேகத்தில் கொழுப்பு நன்றாக எரியும். 85 சதவீதத்துக்குப் போனால் குறைந்துவிடும். முதல் 10 கிலோமீட்டரை ஆர்வக்கோளாறில் விரட்டி ஓடுபவர்கள் கிளைகோஜன் தீர்ந்து 30-இல் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

என்னோடு அதே வேகத்தில் ஓடும் நண்பன் களைப்பதே இல்லை. அவனிடம் இருப்பு அதிகமா அண்ணா?

கொஞ்சம் அதிகம்தான். ஆனால் அதைவிட முக்கியம், அவர் சிக்கனமாகச் செலவழிக்கிறார். பல மாதப் பயிற்சியில் தசைக்குள் மைட்டோகாண்ட்ரியா (செல்லுக்குள் ஆக்ஸிஜனைக் கொண்டு எரிபொருளை எரிக்கும் நுண்ணுறுப்புகள்) பெருகும், நுண்ணிய ரத்தக் குழாய்களும் கூடும். உங்களுக்கு 80 சதவீத உழைப்பாக இருக்கும் வேகம் அவருக்கு 60 சதவீதமாக இருக்கலாம். அதனால் கொழுப்பை அதிகம் எரித்து, கிளைகோஜனைக் கடைசிவரை மிச்சம் பிடிக்கிறார். தசைக்குள்ளேயே கொழுப்புத் துளிகளையும் சேர்த்து வைத்திருப்பார். இரண்டாம் வகை சர்க்கரை நோயாளிகளின் தசையிலும் இத்துளிகள் அதிகம். ஆனாலும் அவர்களைப்போல் இல்லாமல், ஓட்டக்காரரிடம் இன்சுலின் நன்றாக வேலை செய்கிறது. விசித்திரம்தான்!

ஜிம்மில் எடை மட்டும் தூக்குகிறேன். எனக்கு எதற்கு ஓட்டம்?

எடை தூக்குவது போன்ற சில விநாடி முழு உழைப்புக்குப் பாஸ்போகிரியாட்டின் என்ற, தசையில் உள்ள உடனடி எரிபொருள் போதும். ஆனால் அது திரும்ப நிரம்ப ஆக்ஸிஜன் வேண்டும். மூச்சுத்திறன் உள்ளவருக்கு அடுத்த செட்டுக்குள் சீக்கிரம் நிரம்பும்.

போட்டிக்கு முன்னால் மூன்று நாள் சோறாகச் சாப்பிட்டால் போதுமா? எடை வேறு ஏறுகிறதே!

1966-இல் ஸ்வீடனில் பெர்க்ஸ்ட்ரோம், ஹுல்ட்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் தங்களையே சோதித்துக்கொண்டார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் நின்று ஆளுக்கு ஒரு காலால் சோரும்வரை மிதித்தார்கள்; பிறகு மூன்று நாள் மாவுச்சத்து உணவு. ஊசியால் தசையை எடுத்துப் பார்த்தால், உழைத்த காலில் ஏறக்குறைய இரட்டிப்பு கிளைகோஜன், சும்மா இருந்த காலில் பெரிய மாற்றம் இல்லை. ஆக, உழைத்த தசைதான் கூடுதலாகச் சேர்க்கும். பயிற்சியே செய்யாமல் சோற்றை மட்டும் ஏற்றினால் தொப்பைதான் மிஞ்சும். ஆனால் ஒழுங்காகப் பயிற்சி செய்பவர் காலைச் சோர்வடையச் செய்யத் தேவையில்லை. கடைசி ஓரிரு நாள் ஓய்வெடுத்துச் சாப்பிட்டாலே நிரம்பிவிடும். எடை ஏறுவதற்குப் பயப்படாதீர்கள். ஒரு கிராம் கிளைகோஜனோடு சுமார் மூன்று கிராம் தண்ணீரும் சேர்கிறது.

தினமும் மூச்சு வாங்க ஓடினால் சீக்கிரம் தேறலாம் அல்லவா?

பலரும் சறுக்குவது இதில்தான். காலியான கிளைகோஜன் நிரம்ப, நன்றாகச் சாப்பிட்டாலும் ஏறக்குறைய ஒரு நாள் ஆகும். தினமும் விரட்டினால் அரைகுறை இருப்போடுதான் ஓடுவீர்கள். வாரத்தில் பெரும்பாலான நாள் பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம் போதும். ஓரிரு நாள் மட்டும் விரட்டுங்கள்.