கேள்வி பதில்: சாம்பிள் ரேட்டை மாற்றினால் தப்பின் ஒலி மழுங்குமா?

மலையகத் தோட்டத்துப் பாட்டுகளையும், காமன் எரிந்த கதையை ஆடும் காமன் கூத்தையும் பதிவு செய்கிற பிள்ளைகள் என்னிடம் கேட்டவை இவை. தப்பு என்பது குச்சியால் அடிக்கும் தோல் பறை. சாம்பிள் ரேட் என்பது ஒரு நொடி ஒலியை எத்தனை புள்ளிகளாக, அதாவது சாம்பிள்களாக, அளந்து பதிகிறோம் என்ற எண். பழைய கேசட் முதல் புது ரெக்கார்டர் வரை இந்த ஒலிகளோடுதான் என் நாள் போகிறது. அதனால் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஹட்டன்: அண்ணா, 48,000 சாம்பிள் ரேட்டில் பதிந்துவிட்டேன். சிடிக்கு 44,100 வேண்டுமாம். ஏன் இப்படி ஓர் எண்?

ஆரம்ப காலத்தில் டிஜிட்டல் ஒலியை வீடியோ டேப்பில்தான் பதிந்தார்கள். நொடிக்கு 60 அரைப்படம், ஒவ்வொன்றிலும் பயன்படும் கோடு 245, கோட்டுக்கு 3 சாம்பிள். பெருக்கிப் பாருங்கள், 44,100 வரும். ஐரோப்பிய முறையில் 50, 294, 3. அதே விடைதான்.

பண்டாரவளை: நானே ஒரு புரோகிராம் எழுதி 44,100-ஐ 48,000 ஆக்கினேன். இரண்டு சாம்பிளுக்கு நடுவே நேர்கோடு போட்டு மதிப்பை எடுத்தேன். தப்பு மந்தமாகிவிட்டது, சலங்கையில் கரகரப்பு.

நேர்கோடும் ஒரு லோபாஸ் ஃபில்டர்தான் (கீழ் ஒலியை விட்டு மேல் ஒலியைத் தடுப்பது) தங்கச்சி, ஆனால் மட்டமான ஃபில்டர். காக்க வேண்டிய மேல் ஒலியைத் தணிக்கிறது, அதனால் தப்பில் குச்சி விழும் கூர்மை போய்விடுகிறது. தடுக்க வேண்டிய போலி அலைகளை விட்டுவிடுகிறது. அதுதான் உங்கள் கரகரப்பு.

புள்ளிகளுக்கு நடுவே அலை எப்படிப் போனது என்று ஊகிக்கத் தேவையே இல்லை. சாம்பிள் ரேட்டில் பாதிக்கு மேல் எந்த அதிர்வெண்ணும் இல்லாத ஒலி என்றால், புள்ளிகளை வைத்தே அதை மீட்டுவிடலாம். ஒவ்வொரு புள்ளியிலும் ஒரு சிங்க் வளைவை நிறுத்திக் கூட்ட வேண்டும். நடுவில் உயர்ந்து, இரண்டு பக்கமும் ஏறி இறங்கித் தணிந்துகொண்டே போகும் வளைவு அது. முடிவில்லாமல் நீளும் என்பதால், கைசர் சாளரம் என்கிற, ஓரத்தை நோக்கித் தணியும் இன்னொரு வளைவால் பெருக்கி, ஓரங்களை மெல்ல இறக்கி நிறுத்துவோம்.

உங்கள் கணக்கையே எடுப்போம். விகிதம் 147க்கு 160. பழைய புள்ளிகளின் இடைவெளியை 1 என்று வைத்தால், முதல் புதுப் புள்ளி 0-இல், அடுத்தது 147/160, அதாவது 0.91875-இல். அதன் இரண்டு பக்கமும் 13 பழைய புள்ளிகள் வீதம் எடுங்கள். ஒவ்வொன்றும் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று பார்த்து, அந்தத் தூரத்தில் வளைவுக்கு உள்ள உயரத்தால் பெருக்கிக் கூட்டுங்கள். அவ்வளவுதான்.

அவரே மறுபடியும்: அந்த உயரத்தை ஒவ்வொரு முறையும் கணக்கிடுவதா?

வேண்டாம். வளைவு பூஜ்யத்தைத் தொடும் இரண்டு இடங்களுக்கு நடுவே 512 உயரங்களை ஒரு அட்டவணையாக முன்கூட்டியே எழுதி வையுங்கள். கேட்ட தூரம் இரண்டு எண்களுக்கு நடுவே விழுந்தால், அங்கே நேர்கோடு போடுங்கள். ஆமாம், இங்கே போடலாம்! மேல் ஒலியில் ஓர் அலைக்கு இரண்டு மூன்று புள்ளிதான் இருக்கும், அங்கே நேர்கோடு அலையையே சிதைக்கும். அட்டவணையிலோ புள்ளிகள் நெருக்கம். பக்கத்து எண்ணை அப்படியே எடுத்தால் ஆயிரத்தில் ஒன்று அளவுக்குப் பிழை வரலாம். நேர்கோடு போட்டால் அது பத்து லட்சத்தில் ஒன்றிரண்டாகச் சுருங்கும். சிடியில் உள்ள 16 பிட் ஒலியின் மிகச் சிறிய படியில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை.

பதுளை: 96,000-இலிருந்து 44,100-க்கு இறக்கும்போதும் இதே ஃபில்டரா?

அதேதான், ஆனால் விகிதத்துக்கு ஏற்ப அகலமாக இழுத்து, உயரத்தைக் குறைக்க வேண்டும். இதை மறக்கவே கூடாது. சலங்கையில் காதுக்கு எட்டாத 30,000 ஹெர்ட்ஸ் ஒலி இருந்தால், அது 44,100-இல் பாதியைத் தாண்டுவதால் 14,100-இல் மடிந்து வந்து உட்காரும். பிறகு எடுக்க வழியில்லை.

தலவாக்கலை: இரண்டு ரெக்கார்டரில் பதிந்தால் விலகிப் போகிறதே?

இரண்டின் கடிகாரமும் ஒன்றல்ல. மாசியில் காமன் தகனத்து இரவு, பாட்டுக்காரர் பக்கம் ஒன்று, தப்புப் பக்கம் ஒன்று வைத்தேன். பத்து மணிக்குக் கைதட்டித் தொடங்கினேன். நாலு மணிக்கு மறுபடி தட்டிப் பார்த்தால், தப்புப் பதிவு 0.6 நொடி பிந்தியிருந்தது. ஆறு மணி நேரம் 21,600 நொடி. ஆக, தப்புப் பதிவைச் சுருக்க வேண்டிய விகிதம் 0.99997222. இந்த அட்டவணைக்கு எந்த விகிதமும் ஒன்றுதான், அதையும் அப்படியே கொடுத்தேன். இப்போது கடைசிப் பாட்டு வரைக்கும் குச்சி பாட்டோடு சேர்ந்தே விழுகிறது.