கடலில் மிதக்கும் பெட்டிக்கு எந்த பேட்டரி?

கடலூர் தேவனாம்பட்டினத்திலிருந்து பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டு படிக்கும் தம்பி ஒருவர் எழுதியிருக்கிறார்: "சார், அப்பா பைபர் போட்டில் ராத்திரி வலை விடுவார். வலை எந்தப் பக்கம் இழுத்துக்கொண்டு போகிறது என்று தெரிவதற்காக மிதவையில் கட்டுகிற மாதிரி ஒரு பெட்டி செய்கிறேன். உள்ளே ஈஎஸ்பி32 என்ற சின்னக் கம்ப்யூட்டர் போர்டு, இடம் காட்டும் ஜிபிஎஸ், தூரத்துக்குத் தகவல் அனுப்பும் லோரா ரேடியோ, மேலே மினுக்கும் எல்இடி. 9 வோல்ட் பேட்டரி போட்டால் ஒரு மணி நேரம்கூட தாங்கவில்லை. பழைய லேப்டாப் பேட்டரியை உடைத்து உள்ளே இருக்கும் 18650 என்ற லித்தியம் செல்லை எடுத்துப் போடச் சொல்கிறான் நண்பன். அம்மா வெடித்துவிடும் என்று பயப்படுகிறார். என்ன செய்யட்டும்?"

தம்பி, அம்மா பயப்படுவது நியாயம்தான். ஆனால் அதற்காக வேலையை விட வேண்டாம். இந்தப் பெட்டி உப்புத் தண்ணீரில் ராத்திரி முழுக்கக் கிடக்கப் போகிறது, பகலில் வெயிலில் படகுத் தளத்தில் உருளப் போகிறது, உங்கள் வீட்டில் வலைகளுக்குப் பக்கத்தில் சார்ஜ் ஏறப் போகிறது. இந்த மூன்று இடத்திலும் எது சாதுவாக இருக்குமோ அதுதான் உங்களுக்கான பேட்டரி. எதில் அதிக எம்ஏஎச் (எத்தனை மில்லி ஆம்பியரை எத்தனை மணி நேரம் கொடுக்கும் என்ற கணக்கு) என்பதெல்லாம் அதற்கு அப்புறம்.

முதலில் அந்த 9 வோல்ட் ஏன் படுத்துவிட்டது என்று பார்ப்போம். அல்கலைன் 9 வோல்ட் பேட்டரி ஒன்றைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே சுண்டுவிரலைவிட ஒல்லியான ஆறு குட்டிச் செல்கள் வரிசையாக இருக்கும். அவ்வளவு சின்னச் செல்லில் என்ன இருக்கும்? நல்ல அல்கலைனே சுமார் 500 எம்ஏஎச்தான், அதுவும் மெதுவாக எடுத்தால். பெட்டிக்கடையில் கிடைக்கும் சாதா கார்பன் ரகம் என்றால் இன்னும் குறைவு, உள் தடை வேறு அதிகம், லோரா ஒரு தடவை சிக்னல் அனுப்பும்போது வோல்ட் சட்டென்று விழுந்து போர்டு ரீசெட் ஆகிவிடும். மீதியை உங்கள் போர்டில் இருக்கிற ரெகுலேட்டர் தின்கிறது. 9 வோல்ட்டை 3.3 ஆக்குவதற்கு அது மிச்சத்தை வெறும் சூடாக வெளியே விடுகிறது, அதாவது நூற்றில் அறுபதுக்கும் மேல் வீண். அந்தச் சின்னக் கறுப்பு சில்லின் மேல் விரல் வைத்துப் பாருங்கள், சுடும். 9 வோல்ட் பேட்டரி புகை எச்சரிக்கைக் கருவிக்கும் மல்டிமீட்டருக்கும் செய்தது. ரேடியோ அனுப்பும் போர்டுக்கு அது ஒத்து வராது.

சரி, உங்களுக்கு எவ்வளவு கரண்ட் வேண்டும்? ஊகிக்காதீர்கள், அளந்து பாருங்கள். யூஎஸ்பியில் இடையில் செருகும் சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும், அதை ஒரு ராத்திரி மாட்டி வைத்தாலே மொத்தக் கணக்கும் தெரிந்துவிடும். மல்டிமீட்டரில் அளப்பதாக இருந்தால் சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளையில் போட்டு, சர்க்யூட்டைத் துண்டித்து நடுவில் சேர்க்க வேண்டும். பேட்டரியின் இரண்டு முனையிலும் நேராக வைத்துவிட்டால் அதுவே ஷார்ட். வைஃபை, புளூடூத் இரண்டையும் அணைத்த ஈஎஸ்பி32 ஒரு 40, 50 மில்லி ஆம்பியர் எடுக்கும், ஜிபிஎஸ் இன்னொரு 45, எல்இடி மினுக்கித்தான் எரியும் என்பதால் இரண்டு மூன்று, லோரா அனுப்பும் அந்த நொடியில் மட்டும் 100-க்கு மேல் போகும். சராசரி 100 மில்லி ஆம்பியர் என்று வையுங்கள். மாலை ஆறிலிருந்து காலை ஆறு வரை 12 மணி நேரம், ஆக ஒரு ராத்திரிக்கு 1,200 எம்ஏஎச். பேட்டரியில் எழுதியிருப்பதில் முக்கால் பங்குதான் கையில் வரும் என்று வைத்தால் 1,600 வேண்டும். வைஃபை ஓடிக்கொண்டிருந்தால் இந்தக் கணக்கெல்லாம் போச்சு, புரோகிராமில் முதல் வேலையாக அதை அணையுங்கள்.

இந்த 1,600-ஐ மிகச் சாதாரணமான ஒரு பொருளே கொடுத்துவிடும்: பென்டார்ச் அளவில் ரீசார்ஜ் ஆகும் நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு செல். 2,000 எம்ஏஎச் செல் நான்கை வரிசையாகப் போட்டால் 4.8 வோல்ட், போர்டின் 5 வோல்ட் பின்னில் நேராகக் கொடுக்கலாம், 4.4 வரை இறங்கினாலும் ரெகுலேட்டர் சமாளிக்கும். இந்தச் செல் தீப்பிடித்து எரிகிற ஜாதி இல்லை. ஷார்ட் ஆனால் கொதிக்கச் சுடும், கம்பி உருகும், அது உண்மை, ஆனால் லித்தியம் மாதிரி தானே தன்னைச் சூடேற்றிக்கொண்டு பீய்ச்சி எரியாது. வாங்கும்போது, சும்மா இருந்தாலும் சார்ஜ் இறங்காத ரகமாகப் பார்த்து வாங்குங்கள், மற்றவை ஒரு மாதம் கிடந்தாலே கணிசமாகக் காலியாகிவிடும். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே நாளில் வாங்கியது, ஒன்றாகவே சார்ஜ் போட்டது. மூன்று புதுசு ஒன்று பழசு என்று கலந்தால் அந்தப் பழசு முதலில் காலியாகி, மற்ற மூன்றும் சேர்ந்து அதில் தலைகீழாகக் கரண்டைத் தள்ளும், அதோடு அது கெட்டுப்போகும். உங்கள் முதல் பெட்டிக்கு நான் சொல்வது இதுதான்.

அப்படியானால் லித்தியம் வேண்டவே வேண்டாமா என்றால், வேண்டும், ஆனால் எந்த லித்தியம் என்று தெரிந்து வாங்க வேண்டும். இங்கே தமிழில் ஒரு பெரிய குழப்பம் இருக்கிறது. லித்தியம் அயன், லித்தியம் அயர்ன் இரண்டும் காதுக்கு ஒன்றுதான், கடையில் கேட்டால் எதையாவது எடுத்துக் கொடுப்பார்கள். முதலாவது போனிலும் லேப்டாப்பிலும் இருப்பது, 3.6 அல்லது 3.7 வோல்ட், முழு சார்ஜில் 4.2. இரண்டாவது இரும்பு பாஸ்பேட் கலந்தது, 3.2 வோல்ட், முழு சார்ஜில் 3.6 அல்லது 3.65. பெயரை விடுங்கள், செல்லின் மேல் 3.2 என்று அச்சாகியிருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். சோலார் தெருவிளக்குகளில் வருகிற குண்டான 32700 செல் இந்த ரகம், ஒரே செல்லில் 6,000 எம்ஏஎச், உங்கள் கணக்குப்படி மூன்று ராத்திரிக்கு மேல் தாராளமாக வரும். வெப்பத்துக்கும் அடிக்கும் இது மற்றதைவிட நன்றாகத் தாங்கும், ஆயிரக்கணக்கான தடவை சார்ஜ் போடலாம். இன்னொரு வசதி, ஈஎஸ்பி32 சில்லுக்கு வேண்டியது 3.0 முதல் 3.6 வோல்ட் வரை என்பதால் ரெகுலேட்டரே இல்லாமல் 3.3 வோல்ட் பின்னில் நேராகக் கொடுக்கலாம். சார்ஜரிலிருந்து எடுத்தவுடன் மட்டும் கொஞ்ச நேரம் விட்டு, 3.6-க்குக் கீழே இறங்கியதை மீட்டரில் பார்த்துவிட்டு இணையுங்கள். பக்கத்தில் ஒரு 470 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் வைத்தால் லோரா அனுப்பும் நொடியில் வோல்ட் விழாது.

ஆனால் சார்ஜரில் கவனம். எல்லாரும் வாங்கும் அந்தச் சின்ன நீல போர்டு, டிபி4056, 4.2 வோல்ட் வரை ஏற்றும். அதை 3.2 வோல்ட் செல்லுக்கு மாட்டவே கூடாது. டிபி5000 போர்டில் 3.6-க்கு மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு, அதையும் செல் மாட்டுவதற்கு முன் மீட்டர் வைத்துப் பார்த்துவிடுங்கள். எனக்கு ஒரு தடவை 3.6 என்று சொல்லி விற்ற போர்டு 4.2 காட்டியது, அளக்காமல் மாட்டியிருந்தால் செல் ஊதியிருக்கும்.

இப்போது நண்பர் சொன்ன லேப்டாப் விஷயம். அந்த பேக்கில் செல்களைக் காவல் காக்க ஒரு போர்டு இருக்கும், வோல்ட் ஏறினாலும் இறங்கினாலும் வெட்டிவிடும். உடைத்து எடுத்த செல்லுக்கு அந்தக் காவல் கிடையாது. பல வருஷம் மூலையில் கிடந்து 2.5 வோல்ட்டுக்குக் கீழே போன செல்லுக்குள் செம்பு கரைந்து வேறு இடத்தில் படிந்திருக்கலாம், மறுபடி சார்ஜ் ஏற்றினால் உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகலாம். வெளியே பார்த்தால் புதுசு மாதிரிதான் இருக்கும். ஒவ்வொரு செல்லையும் சார்ஜ் ஏற்றி, வாரக்கணக்கில் வைத்து, வோல்ட் இறங்குகிறதா என்று பார்க்கும் பொறுமையும் கருவியும் உள்ளவர்கள் செய்யட்டும். மிதவைக்கும் அப்பாவின் படகுக்கும் அது வேண்டாம்.

18650-ஐக் கையில் எடுத்துப் பார்த்திருப்பீர்கள், 18 மில்லிமீட்டர் குறுக்களவு, 65 நீளம், மேலே ஒரு சின்னப் பொத்தான். அந்தப் பொத்தான் மட்டும்தான் பாசிட்டிவ். அதைச் சுற்றியுள்ள விளிம்பு உட்பட மிச்ச டப்பா முழுவதும் நெகடிவ், இரண்டுக்கும் நடுவே ஒரு வளையமும் காகிதம் மாதிரி மெல்லிய பிளாஸ்டிக் உறையும்தான் இருக்கின்றன. என் மேசையில் ஒரு தடவை உறை கிழிந்த செல்லை இரும்பு ஸ்கேல் பக்கத்தில் வைத்துவிட்டேன். ஸ்கேல் நழுவி அந்த விளிம்பில் பட்டது. பளிச்சென்று ஒரு பொறி, ஸ்கேலில் மிளகு அளவு பள்ளம், அந்த இடம் நீலம் பாரித்துக் கிடந்தது. அரை நொடிக்கே அவ்வளவு. சாவி, சில்லறை கிடக்கும் சட்டைப் பையில் செல்லைப் போட்டுக்கொண்டு காலேஜ் போகாதீர்கள், பிளாஸ்டிக் டப்பா ஒன்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஆன்லைனில் 9,900 எம்ஏஎச் 18650 என்று மலிவாக விற்பதையும் நம்பாதீர்கள். அந்த அளவில் நல்ல கம்பெனிச் செல்லே 3,500 சொச்சம்தான். நல்ல செல் 45 கிராமுக்கு மேல் இருக்கும், சமையலறைத் தராசிலேயே தெரிந்துவிடும். நான் வாங்கிச் சோதித்த ஒன்று 30 கிராம்கூட இல்லை, அரை ஆம்பியரில் இறக்கியபோது இரண்டு மணி நேரத்துக்குள் காலி.

உப்புக்கு வருவோம், ஏனென்றால் நம் ஊரில் பெட்டியைக் கொல்வது அதுதான். பெட்டிக்குள் தண்ணீரே போகாவிட்டாலும் உப்புக் காற்று போதும், செல் ஹோல்டரின் ஸ்பிரிங் துருப்பிடித்து, செம்பு தெரிகிற இடமெல்லாம் பச்சை பூத்துவிடும். மூடியின் ரப்பர் வளையத்தில் சிலிக்கான் கிரீஸ் தடவுங்கள், போர்டுக்கு வார்னிஷ் அடியுங்கள், ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்று போடுங்கள். செல்லிலிருந்து வரும் பாசிட்டிவ் வயரில், செல்லுக்கு எவ்வளவு பக்கத்தில் முடியுமோ அவ்வளவு பக்கத்தில் 1 ஆம்பியர் பியூஸ். செல்லின் மேல் நேராகச் சால்டர் வைக்காதீர்கள், நிக்கல் பட்டை ஒட்டி விற்கும் செல்லாக வாங்குங்கள். பெட்டியைக் காற்றுப் புகாமல் அடைக்கும்போது ஒன்று யோசிக்க வேண்டும். செல் கெட்டால் வாயு வெளியே விடும், வழி இல்லாவிட்டால் பெட்டியே குண்டு. ஒரு பக்கத்தில் திருகு மூடிக்குப் பதிலாக அழுத்திச் செருகும் ரப்பர் அடைப்பான் வைத்தால் உள்ளே அழுத்தம் வரும்போது அது பிதுங்கி வெளியே வந்துவிடும். நிக்கல் செல்லும் சார்ஜ் ஆகும்போது வாயு விடலாம், அதனால் எந்த செல்லாக இருந்தாலும் வெளியே எடுத்தே சார்ஜ் போடுங்கள்.

சார்ஜ் போடும் இடம் பற்றி அம்மாவிடமும் சொல்லுங்கள். கூரைக்கு அடியில் வேண்டாம், நைலான் வலை குவித்திருக்கும் மூலை வேண்டாம், என்ஜினுக்கு வாங்கி வைத்த பெட்ரோல், மண்ணெண்ணெய் கேன் பக்கம் சுத்தமாக வேண்டாம். சிமெண்ட் தரையில், ஆள் விழித்திருக்கும்போது. கத்திரி வெயிலில் படகிலிருந்து எடுத்த செல் கையில் சுடச்சுட இருந்தால் ஆறட்டும், 45 டிகிரிக்கு மேல் லித்தியத்தில் சார்ஜ் ஏற்றக் கூடாது. கெட்ட நேரமாக ஒரு லித்தியம் செல் புகைய ஆரம்பித்தால் புகையை முகர வேண்டாம், எல்லாரும் விலகி, எட்ட நின்று வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றுங்கள். மூடி அணைத்தால் போதாது, அதன் சூடு தணிய வேண்டும். படகில் என்றால் துடுப்பால் கடலில் தள்ளிவிடச் சொல்லுங்கள்.

உப்புத் தண்ணீர் உள்ளே போன லித்தியம் செல்லைக் காயவைத்து மறுபடி பயன்படுத்தலாமே என்று தோன்றும். வேண்டாம். அமெரிக்காவில் 2022-இல் இயான் சூறாவளி வந்தபோது கடல்நீரில் மூழ்கிய மின்சார கார்கள் சில, தண்ணீர் வடிந்து நாள் கணக்கான பிறகு தீப்பிடித்தன. அந்த மாதிரி செல்லின் இரண்டு முனையிலும் டேப் ஒட்டி, மண் சட்டியில் காய்ந்த மணல் போட்டு வீட்டுக்கு வெளியே, மழை படாத இடத்தில் வைத்து, மின்கழிவு வாங்குபவரிடம் கொடுங்கள். பேட்டரிக் கழிவு விதிகள் 2022-இல் வந்துவிட்டன, குப்பை வண்டியில் போடக் கூடாது.

தானே புயல் 2011 டிசம்பர் 30 அன்று நம் கரையைக் கடந்த பிறகு பல நாள் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது நான் நிறைய எமர்ஜென்சி விளக்குகளைப் பிரித்தேன். பாதிக்கு மேல் உள்ளே இருந்த ஈய பேட்டரி, காலியாகவே மாதக்கணக்கில் அலமாரியில் கிடந்து செத்துப்போயிருந்தது. மீன்பிடித் தடைக்காலம் இரண்டு மாதம் உங்கள் பெட்டியும் சும்மா இருக்கும். லித்தியமாக இருந்தால் பாதி சார்ஜில், செல்லைக் கழற்றி, நிழலான இடத்தில் வையுங்கள்.

பெட்டி தயாரானதும் நேராகக் கடலுக்கு அனுப்ப வேண்டாம். கெடிலம் முகத்துவாரத்தில் தண்ணீர் அமைதியாக இருக்கும் பக்கம் ஒரு ராத்திரி கயிற்றில் கட்டி விடுங்கள். காலையில் துடைத்துத் திறந்து, முதலில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தை விரலால் தடவிப் பாருங்கள், அப்புறம் நான்கு நிக்கல் செல்லின் வோல்ட்டையும் தனித்தனியாக அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நான்கும் 1.2-ஐ ஒட்டி இருந்தால் அப்பாவிடம் கொடுக்கலாம். ஒன்று மட்டும் 1 வோல்ட்டுக்குக் கீழே போயிருந்தால் அதை மாற்றிவிட்டு இன்னொரு ராத்திரி பார்த்துவிட்டு, அந்த எண்களை எனக்கு அனுப்புங்கள்.